இளமையில் வழுக்கை: இல்லத்தார்க்குச் சில சொற்கள்



இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு நகைப்பைத் தரலாம். குடும்ப வாழ்வைப் பற்றி எழுதும் இப்பகுதியில் தலைமுடிக்கு என்ன இடம் என்று பெரியவர்கள் கேட்கவும் கூடும். ஆயினும், திருமணத் தயாரிப்பு வகுப்பு முடிந்து எல்லாரும் கலைந்து சென்றபின், ஓர் இளைஞர் மட்டும் தயங்கி நின்று, "சாமி, ஒரு சந்தேகம்" என்று இதைப் பற்றிக் கேட்பது இப்போதெல்லாம் அரிதன்று. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். நண்பர்களிடம் சொன்னால் பட்டப்பெயர் வைப்பார்கள். மருத்துவரிடம் போவதற்கோ இது ஒரு நோயா என்ற கூச்சம். இம்மூன்றுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டு, அவர்கள் தம் சம்பளத்தை விளம்பர எண்ணெய்களுக்குச் செலவிடுகின்றனர்.

அவர்களது கவலை வீண் கவலையும் அன்று. நம் சமூகத்தில் பெண் வீட்டார் புகைப்படத்தைப் பார்த்தபின் மறுமொழி சொல்லாமலே இருந்துவிடுவது உண்டு. "முடி முழுவதும் கொட்டிப் போவதற்குள் இவனுக்கு ஒரு கலியாணத்தை முடித்துவிட வேண்டும்" என்று தாயார் உறவினரிடம் சொல்வதை மகன் அடுத்த அறையிலிருந்து கேட்பதும் உண்டு. ஆகவே இதனைப் பற்றி உண்மை எது, பொய் எது என்பதை இல்லத்தார் அனைவரும் அறிந்திருத்தல் நன்று. நோயை அறிந்து மருந்து தருவது மருத்துவரின் பணி. அவரிடம் எப்போது செல்ல வேண்டும், எதில் ஏமாறலாகாது என்பதைச் சொல்வதே இங்கு நம் நோக்கம்.

உதிர்வது எல்லாம் வழுக்கையன்று

மனிதரின் தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ந்து, பின்னர் ஏறத்தாழ 3 மாதம் ஓய்ந்திருந்து, உதிர்ந்து, அதே மயிர்க்காலிலிருந்து மீண்டும் முளைக்கிறது. ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயற்கையே. சீப்பில் நான்கு முடியைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை.

டைபாய்டு, டெங்கு, கொரோனா போன்ற கடுங்காய்ச்சல்களுக்குப் பின்னும், பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும், உடல் இளைக்க வேண்டுமென்று உணவை அறவே குறைத்த பின்னும் முடி கொத்துக் கொத்தாக உதிர்வதுண்டு. காய்ச்சல் கண்ட அன்றே இது நிகழாது. 2 அல்லது 3 மாதம் கழித்தே நிகழும். அதனால் பலர் காரணத்தை மறந்துவிட்டு, அண்மையில் மாற்றிய சோப்பின் மீது பழி போடுகின்றனர். இவ்வகை உதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் தானே நின்று, முடி மீண்டும் வளரும். இரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும் முடி உதிரச் செய்யும். அவற்றை இரத்தப் பரிசோதனையில் கண்டறிந்து குணப்படுத்தலாம். வட்ட வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டு வேறொரு நோய். உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மயிர்க்கால்களைத் தாக்குவதால் அது வருகிறது. தலைத்தோலில் செதில், அரிப்பு, சீழ் ஆகியவை காணப்பட்டால் அதற்கும் தனி மருத்துவம் உண்டு. இவற்றுள் எதையும் வீட்டிலேயே தீர்மானித்துக்கொள்ளலாகாது.

நாம் இங்குச் சிறப்பாகப் பேசப்போவது, இளைஞர்களுள் மிகுதியாகக் காணப்படும் பரம்பரை வழுக்கையைப் பற்றியே. நெற்றிப் பொட்டுகளுக்கு மேலே முடி பின்வாங்குவதும், உச்சியில் அடர்த்தி குறைந்து தோல் தெரிவதும், பின்புறத்திலும் காதோரங்களிலும் முடி அப்படியே நிலைத்திருப்பதும் இதன் அடையாளங்கள். சிலருக்கு இது 20 வயதுக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது.

காரணம் யாது?

ஆடவர் உடலில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனை, உடலிலுள்ள ஒரு நொதி, டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோன் என்னும் மற்றொரு பொருளாக மாற்றுகிறது. பரம்பரைக் கூறு உள்ளவர்களின் நெற்றியிலும் உச்சியிலும் இருக்கும் மயிர்க்கால்கள் இப்பொருளைத் தாங்க மாட்டாமல் சிறுகச் சிறுகச் சுருங்குகின்றன. தடித்த முடி முளைத்த இடத்தில் மெல்லிய முடியும், பின்னர்ப் பூனைமயிர் போன்ற முடியும் முளைத்து, இறுதியில் ஒன்றும் முளையாமற் போகிறது. ஆகவே இது ஒரே நாளில் முடி உதிரும் நோயன்று; ஆண்டுக்கணக்கில் மயிர்க்கால் சிறுத்துவரும் நிலையாகும். இதை மனத்திற்கொண்டால் பின்னர்ச் சொல்லப்போவதெல்லாம் எளிதில் விளங்கும்.

இவ்வுண்மையை அறிவியல் உலகுக்கு உறுதிப்படுத்தியவர் ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர். இளமையிலேயே ஆண்மைச் சுரப்பிகளை இழந்தவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், அவர்களுக்கு அந்த ஹார்மோனை ஏற்றியபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு வழுக்கை தோன்றியது என்பதையும் அவர் 1942-ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டார். ஹார்மோன், பரம்பரை ஆகிய இரண்டும் சேர்ந்தாலன்றி இவ்வழுக்கை இல்லை என்பது அதனால் தெளிவாயிற்று. வழுக்கை விழுந்தவர்க்கு ஆண்மை மிகுதி என்பதும், முடி உதிர்வது தீய பழக்கத்தின் விளைவு என்பதும் ஆதாரமற்ற பேச்சுகள். இரண்டாவது பேச்சினால் குற்றவுணர்வில் வாடும் இளைஞர்கள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

"தாய்மாமன் தலையைப் பார்த்து மருமகன் தலையைச் சொல்லலாம்" என்பது ஊர்ப் பேச்சு. இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்த ஹார்மோனை ஏற்கும் பகுதிக்குரிய மரபணு, மகன் தாயிடமிருந்தே பெறும் எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ளது. ஆனால் 2017-ஆம் ஆண்டு பிரிட்டனில் 52,000-க்கும் மேற்பட்ட ஆடவரின் மரபுக்கூறுகளை ஆராய்ந்தவர்கள், வழுக்கையோடு தொடர்புடைய 280-க்கும் மேற்பட்ட மரபணுப் பகுதிகளைக் கண்டனர். அவற்றுள் பெரும்பாலானவை தந்தை, தாய் ஆகிய இருவழியிலும் வரக்கூடியவை. ஆகவே தாய்மாமனைக் குறை சொல்லிப் பயனில்லை. தந்தை வழியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பலன் தராத வழிகள்

தலைக்கவசம் அணிவதால் வழுக்கை விழும் என்று சொல்லி, இருசக்கர வண்டியில் வெறுந்தலையோடு செல்லும் இளைஞர்களைக் காண்கிறோம். மயிர்க்கால் சுருங்குவது உள்ளிருக்கும் ஹார்மோனால். வெளியிலிருக்கும் கவசத்தால் அன்று. முடியைக் காக்க எண்ணி உயிரை இழக்கலாமா? கவசத்தின் உட்துணியைத் தூய்மையாக வைத்துக்கொண்டால் போதும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் முடியை வறளச் செய்யலாம். முடி முறியவும் செய்யலாம். ஆனால் அது மயிர்க்காலை அழித்து வழுக்கையை உண்டாக்குவதில்லை.

மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கை வேரூன்றியது. மழிப்பதால் முடியின் தடிப்போ வளர்ச்சியோ மாறுவதில்லை என்பதை மில்ட்ரெட் ட்ரோட்டர் என்னும் அறிஞர் 1928-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து காட்டினார். வேளாங்கண்ணியில் நேர்த்திக்கடனாக முடி கொடுப்போர் அதை நேர்த்திக்கடனாகவே கொடுக்கட்டும். மருத்துவமாகக் கருத வேண்டாம்.

தேங்காயெண்ணெய் முடியின் புரதம் கரைந்து போவதைக் குறைத்து, முடி முறியாமல் காக்கும். அந்த அளவில் நம் பாட்டிமாரின் வழக்கம் நல்ல வழக்கமே. ஆனால் கரிசலாங்கண்ணி சேர்த்தாலும் கறிவேப்பிலை சேர்த்தாலும், சுருங்கிவரும் மயிர்க்காலை எண்ணெய் நிமிர்த்தும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரைகளும் அவ்வாறே. அச்சத்துக் குறைவு உள்ளவர்க்கன்றி மற்றவர்க்குப் பயன் இல்லை. அதோடு, அம்மாத்திரையை மிகுதியாக உண்பவர்க்குத் தைராய்டு, இதயநோய் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகள் தவறான முடிவைக் காட்டக்கூடும். பரிசோதனைக்குச் செல்லுமுன் இதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நம் நாட்டின் 1945-ஆம் ஆண்டு மருந்துகள் விதிகளில் 'ஜே' அட்டவணை என்று ஒன்று உண்டு. எந்தெந்த நோய்களைத் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ எந்த மருந்தும் உரிமை கொண்டாடலாகாது என்பதை அது வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் வழுக்கையும் இடம்பெற்றுள்ளது. ஆகவே "பதினைந்து நாளில் வழுக்கையில் முடி, முளைக்காவிடில் பணம் வாபஸ்" என்ற விளம்பரத்தைக் காணும்போது, அது சட்டத்தின் எல்லையைத் தாண்டிப் பேசுகிறது என்பதைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம்.

பலன் தரும் வழிகள்

அவ்வாறாயின் செய்யத்தக்கது ஒன்றுமில்லையோ எனில், உண்டு. பரம்பரை வழுக்கையை முற்றும் தடுக்க இயலாது. தொடக்கத்திலேயே கவனித்தால் பலருக்கு அதன் வேகத்தைக் குறைக்க இயலும். சுருங்கிக்கொண்டிருக்கும் மயிர்க்காலைக் காப்பது கூடும். பல்லாண்டுகளுக்கு முன் ஓய்ந்துபோன மயிர்க்காலை எழுப்புவது அரிது. இதனால்தான், வெட்கப்பட்டுக்கொண்டு கழிக்கும் ஒவ்வோர் ஆண்டும் இழப்பாகிறது.

முதல் மருந்து மினாக்சிடில். இது முதலில் கடும் இரத்த அழுத்தத்திற்கான மாத்திரையாகவே அமெரிக்காவில் 1979-ஆம் ஆண்டு அனுமதி பெற்றது. அதை உண்டவர்களின் உடலில் முடி வளர்வதைக் கண்ட பின்னரே, தலையில் தடவும் நீர்மமாக ஆக்கினர்; அது 1988-ஆம் ஆண்டு அனுமதிக்கப்பட்டது. தடவத் தொடங்கிய முதற்சில வாரங்களில் முடி மிகுதியாக உதிரலாம். பழைய முடி விலகிப் புதியது வருவதற்கான அறிகுறி அது. அஞ்சி நிறுத்திவிடக் கூடாது. பலன் தெரிய 4 மாதமேனும் ஆகும். நிறுத்தினால், அதனால் வளர்ந்த முடி சில மாதங்களில் உதிர்ந்துவிடும். தலைத்தோலில் எரிச்சல் தோன்றினாலும், தலைசுற்றலோ நெஞ்சுப் படபடப்போ கண்டாலும் மருத்துவரை அணுக வேண்டும். சீசாவைச் சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் கட்டாயம்.

இரண்டாவது மருந்து ஃபினாஸ்டரைடு என்னும் மாத்திரை. இதற்கு ஒரு வரலாறு உண்டு. டொமினிக்கன் குடியரசின் ஊர் ஒன்றில், நாம் முன்னர்க் கூறிய நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள ஆடவர் சிலரை ஆராய்ந்து, 1974-ஆம் ஆண்டு மருத்துவ அறிஞர்கள் எழுதினர். வளர்ந்த பின்னும் அவர்களுக்கு நெற்றியில் முடி பின்வாங்கவில்லை. புராஸ்டேட் சுரப்பியும் சிறிதாகவே இருந்தது. அந்த நொதியை மருந்தால் அடக்கலாமே என்னும் எண்ணத்திற்கு இது வழிவகுத்தது. அவ்வாறு பிறந்த ஃபினாஸ்டரைடு, அமெரிக்காவில் 1992-ஆம் ஆண்டு புராஸ்டேட் வீக்கத்திற்கும், 1997-ஆம் ஆண்டு 1 மில்லிகிராம் அளவில் ஆடவர் வழுக்கைக்கும் அனுமதி பெற்றது. இரண்டாண்டு ஆய்வில் இம்மாத்திரையை உண்டவர்களுள் 100-க்கு 83 பேருக்கு முடியின் எண்ணிக்கை மேலும் குறையவில்லை. போலி மாத்திரை உண்டவர்களுள் அவ்வாறு இருந்தோர் 100-க்கு 28 பேரே.

ஆயினும் இதை மருத்துவரின் சீட்டின்றி வாங்கி உண்ணலாகாது. காரணங்களை வெளிப்படையாகவே கூறுவோம். உண்பவர்களுள் சிலருக்கு இல்லற உறவில் நாட்டமும் ஆற்றலும் குறைகின்றன. ஆய்வுகளில் அது 100-க்கு 4 பேருக்கும் குறைவாகவே காணப்பட்டது. போலி மாத்திரை உண்டவர்களிலும் 2 பேருக்கு அது இருந்தது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோர்க்குச் சரியாகிவிடும். நிறுத்திய பின்னும் தொடர்ந்ததாகக் கூறியவர்களும் உண்டு. சிலருக்கு விந்தணுக்களின் எண்ணிக்கை குறையலாம். ஆகவே மணமாகிக் குழந்தைப்பேற்றை எதிர்நோக்குவோர் அதனை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைக் கையாலும் தொடலாகாது. கருவிலுள்ள ஆண்மகவின் உறுப்பு வளர்ச்சிக்கு அது கேடு விளைவிக்கலாம். இம்மருந்தினால் மனச்சோர்வும், தற்கொலை எண்ணமும் தோன்றக்கூடும் என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2025-ஆம் ஆண்டு உறுதிப்படுத்தியுள்ளது. மகன் இம்மாத்திரையை உண்பதை இல்லத்தில் ஒருவரேனும் அறிந்திருப்பதும், அவன் முகம் வாடினால் உடனே கேட்பதும், மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் ஆகவே இன்றியமையாதவை. மறைவாக உண்ணும் மருந்தில் இந்தப் பாதுகாப்பு இல்லை.

முடி நடும் சிகிச்சை

பின்தலையிலிருந்து எடுத்த மயிர்க்கால், முன்தலையில் நட்ட பின்னும் தன் இயல்பை விடாது வளர்கிறது என்பதை நார்மன் ஓரென்ட்ரைக் என்னும் அமெரிக்க மருத்துவர் 1959-ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டார். இன்று நம் நகரங்களில் நடைபெறும் முடி நடும் சிகிச்சைக்கு அதுவே அடிப்படை. தேர்ந்தவர் செய்தால் நற்பயன் தரும். ஆனால் மூன்று செய்திகளை நினைவில் வைக்க வேண்டும்.

முதலாவது, 21, 22 வயதிலேயே இதற்கு விரைவது பெரும்பாலும் தவறு. நட்ட முடி நிற்க, அதற்குப் பின்னாலுள்ள முடி தொடர்ந்து பின்வாங்கும். நடுவே தீவு போல முடி எஞ்சும். வழுக்கை எந்த அளவில் நிற்கும் என்பது ஓரளவு தெரிந்த பின்னரே இதை எண்ண வேண்டும். பின்தலையில் எடுக்கத்தக்க முடியும் அளவுடையதே.

இரண்டாவது, இது ஓர் அறுவைச் சிகிச்சை. அழகு நிலைய வேலையன்று. 2016-ஆம் ஆண்டு சென்னையில் இச்சிகிச்சை செய்துகொண்ட இளம் மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்த செய்தி நாட்டையே திடுக்கிடச் செய்தது. 2022-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம், உரிய அறுவைப் பயிற்சி பெற்ற பதிவு செய்த மருத்துவர்களே இதைச் செய்ய வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. ஆகவே செய்பவர் யார், அவரது பட்டம் யாது, மயக்க மருந்தைக் கவனிப்பவர் யார், இடர் நேர்ந்தால் அருகில் மருத்துவமனை உண்டா என்பவற்றைக் கேட்டறிந்த பின்னரே சம்மதிக்க வேண்டும்.

மூன்றாவது, இதற்காக வட்டிக்குக் கடன் வாங்குவது தகாது. தங்கையின் திருமணத்திற்குச் சேர்த்த பணத்தை அண்ணன் தலையில் நட்டுவிட்டால், குடும்பத்தில் இரண்டு கவலைகள் வளரும்.

இல்லத்தார் செய்யத்தக்கவை

மகனுக்கு முடி குறைகிறதென்று தோன்றினால், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், மூன்று மாதத்திற்கு ஒரு முறை உச்சியையும் நெற்றியையும் புகைப்படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மாற்றம் இருந்தால் தெரியும். இல்லையேல் அச்சம் தீரும். மாற்றம் காணப்பட்டால் தோல் மருத்துவரிடம் செல்லட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் நோய்ப் பிரிவு உண்டு. பெருஞ்செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பருப்பு, முட்டை, மீன், கீரை, பழம் ஆகியவை நாள்தோறும் உணவில் இருக்கட்டும். விடுதியிலும் வேலைக்குச் சென்ற ஊரிலும் காலை உணவையே மறந்து வாழும் பிள்ளைகளுக்கு இது மிகத் தேவை. நல்லுணவு பரம்பரை வழுக்கையைத் தடுக்காது. சத்துக் குறைவினால் உதிர்வதைத் தடுக்கும். புகைப்பிடிப்போர்க்கு முடியுதிர்வு மிகுதி என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. உடற்பயிற்சிக் கூடங்களில் தசை பெருக்க ஊசியாகவும் மாத்திரையாகவும் தரப்படும் ஸ்டீராய்டுகள், பரம்பரைக் கூறு உள்ளவரின் வழுக்கையை விரைவுபடுத்தும், இதயத்திற்கும் கேடு. இளமையிலேயே வழுக்கை விழுந்தவர்களிடம் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சற்று மிகுதியாகக் காணப்படுவதால், அவற்றையும் அவ்வப்போது பரிசோதித்துக்கொள்வது நலம்.

இவையனைத்தினும் எளிதானது, ஆனால் பல இல்லங்களில் கிடைக்காத மருந்து ஒன்று உண்டு. அது நாவடக்கம். "சொட்டைத் தலையன்" என்று தம்பி கூப்பிடும்போது தந்தை சிரித்துவிட்டால், அந்தச் சிரிப்பை மகன் நெடுநாள் மறக்க மாட்டான். விருந்தினர் முன் அவன் தலையைப் பேச்சுப் பொருளாக்காதீர்கள். மருத்துவம் செய்துகொள்ள விரும்பினால் கேலி செய்யாதீர்கள். விரும்பாமல், இருக்கிறபடியே இருக்கட்டும் என்று அவன் துணிந்தால் நச்சரிக்காதீர்கள். இரண்டும் நேர்மையான வழிகளே. தோல் நோய்களைத் தீட்டு என்றும் தீட்டன்று என்றும் நுணுகிப் பிரிக்கும் லேவியர் நூல் 13-ஆம் அதிகாரத்தில்கூட, முடி உதிர்ந்ததனால் மட்டும் ஒருவன் தூய்மையற்றவன் ஆவதில்லை என்றே விதிக்கப்பட்டுள்ளது. அன்றைய சட்டம் தள்ளி வைக்காதவனை இன்றைய நாம் சொல்லால் தள்ளி வைக்கலாமோ?

பெண்ணைப் பெற்றோர்க்கும் ஒரு சொல். புகைப்படத்தில் நெற்றி அகலமாக இருக்கிறதென்று மறுமொழி அனுப்பாமல் விட்டுவிடுமுன், அந்த இளைஞரின் உழைப்பு, குணம், குடிப்பழக்கம் இன்மை ஆகியவற்றை விசாரித்தீர்களா? இன்று அடர்ந்த முடியோடு வரும் மாப்பிள்ளைக்கும் பத்தாண்டு கழிந்தபின் எவ்வளவு இருக்கும் என்று எவரும் உறுதி தர இயலாது.

மணமகனாகப் போகும் இளைஞர்க்கு இறுதியாக ஒன்று. பொய்முடி வைத்திருந்தாலும், மாத்திரை உண்டாலும், முடி நட்டிருந்தாலும், அதை நிச்சயதார்த்தத்திற்கு முன்பே மணமகளிடம் சொல்லிவிடுங்கள். அவற்றுள் எதுவும் குற்றமன்று. மறைத்தது மட்டுமே பின்னர்க் குற்றமாகத் தோன்றும். ஃபினாஸ்டரைடு உண்பவராயின், பிறக்கவிருக்கும் குழந்தையின் நலமும் அதில் அடங்கியிருப்பதால், அவர் அதை அறிந்திருக்கும் உரிமையுடையவர். சொல்வதற்குத் துணிவு போதவில்லையெனில், தாயையோ தந்தையையோ துணைக்கு வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அவ்வாறு உங்கள் துணையாக வந்து அமரும் பெற்றோரை இச்சிறு கட்டுரை உருவாக்குமாயின், அதுவே நமக்கு மகிழ்ச்சி.